ஒன்றரை முதல் மூன்றரை வரை

நாற்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தாறுக்கு டிக் போட்டாயிற்று. பாக்கி இரண்டு. ஒன்று என்னுடைய பதினொன்று-ஏ, அது போன வாரமே காலி, டிக் போடாமல் வைத்திருப்பது வெறும் வீம்பு. இன்னொன்று ஐந்து-பி, பியூலா டீச்சர் வீடு. டீச்சரின் மகன் கோயம்புத்தூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான், நாலு மணிக்குள் வந்துவிடுவான், அதுவரை டீச்சர் அங்கேதான் இருப்பார். கட்டடத்தை இடிக்கப்போகிறவர்களிடம் ஐந்து மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். எல்லா வீடும் காலி, மொட்டை மாடிக் கதவு பூட்டியாயிற்று என்று சந்திரமதி டவர்ஸ் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் நான்தான், முப்பத்தொன்பது வருஷமாக நான்தான், வேறு எவனும் இந்தத் தலைவலிக்கு வரமாட்டேன் என்றான். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. லிஃப்டை நேற்றே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "நீங்க எதுக்கு சார் ஏறுறீங்க, நான் ஒரே ஓட்டமா ஓடிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றான் வாட்ச்மேன் தணிகாசலம். "நீ கேட்டைப் பாரு" என்றேன். என்னை அழைத்துப்போகக் காரில் வந்த என் மகள் வனஜா, "நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஏறிடாதீங்கப்பா, உங்க முட்டிக்கு ஆகாது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் முதல் படியில் கால் வைத்துவிட்டேன். மணி இரண்டே முக்கால். ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, ஒன்பதாவதில் ஒரு திருப்பம். எண்ணிக்கை மனப்பாடம், ஏறித்தான் முப்பது வருஷம் ஆகிறது. லிஃப்ட் கெட்டுப்போன நாள்களில் கீழே அலுவலக அறையில் உட்கார்ந்து மெக்கானிக்கை விரட்டிக்கொண்டிருப்பேன். செயலாளருக்கு என்ன கடமை உணர்ச்சி என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள், சொல்லட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஏழு, எட்டு, ஒன்பது. கைப்பிடியில் தூசி ஒட்டுகிறது. தணிகாசலத்தை அனுப்பியிருக்கலாம், ஏன் அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் தைரியம் இல்லை. ஐந்தாவது மாடிப் படியில்தான் என் மனைவி ரஞ்சிதம் செத்துப்போனாள். தொண்ணூற்று மூன்று ஜூலை இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை, மதியம். கடைசியில் அவள் பக்கத்தில் இருந்தது பியூலா டீச்சர். நான் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, டீச்சரும் சொன்னதில்லை. லிஃப்டில் எதிர்ப்பட்டால் நான் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசுவேன், டீச்சர் தலையாட்டுவார், ஐந்து வந்ததும் இறங்கிப் போய்விடுவார். எனக்கு இருந்ததெல்லாம் ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வனஜா பள்ளிக்கூடத்துத் தாவணியோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதாம்ப்பா, டாக்டர் சொன்னாரு, வலியே தெரிஞ்சிருக்காதாம்" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். ஒரு நிமிஷம். அறுபது விநாடி. ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவன் நான், ஒரு நிமிஷத்தில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பது எனக்குத் தெரியும். சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்புவதற்கு ஒரு நிமிஷம்தான் கொடுப்போம். அதற்குள் யாரையும் கூப்பிட முடியாது, எந்த லிஃப்டும் மேலே வர முடியாது. டீச்சர் வாயைத் திறந்தால் அந்த ஒரு நிமிஷம் அப்படியே இருக்குமா என்பதுதான் என் பயம். நாளைக்குக் கட்டடம் இருக்காது, டீச்சர் கோயம்புத்தூரில் இருப்பார், அப்புறம் அந்த வாக்கியத்தைத் தொட ஆள் இல்லை. ஒழுங்காகக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனாலும் கால் ஏறிக்கொண்டே இருக்கிறது.

முதல் மாடி முடிந்தது. கதவுகளைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு உள்ளே தெரிகிறது, சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. இரண்டாவது மாடியில்தான் அந்தப் பசு விவகாரம். எழுபத்து மூன்றிலோ நாலிலோ, நாங்கள் வருவதற்கு முன்பு, இரண்டு-சி வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்குப் பசு வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். பசு படி ஏறிவிட்டது. பூஜை முடிந்து, பழம் தின்று, சாணியும் போட்டுவிட்டு இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. பசு படி ஏறும், இறங்காது என்பது புரசைவாக்கத்தில் அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கண்ணில் சாக்கைக் கட்டி ஆறு பேர் தாங்கிச் சாயங்காலம் வரை இறக்கினார்களாம். சங்கத்தின் முதல் தீர்மானமே அதுதான், பசு கீழேயே நிற்க வேண்டும், அங்கே செய்த பூஜை நாற்பத்தெட்டு வீட்டுக்கும் பொது. ஆரம்ப காலத்தில் எல்லாமே இப்படித்தான். பால்காரர் மூன்றாவது மாடிக்கு மேல் வரமாட்டேன் என்றார், கயிற்றில் கூடை கட்டி இறக்கினார்கள். என் மாமனார், தன் பூஜை அறைக்கு மேலே இன்னொருத்தன் கக்கூஸ் இருக்கிற வீட்டில் எப்படியப்பா சாமி கும்பிடுவது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் ஆட்கள் பிள்ளைகளோடு வந்து, ஒரே ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி இறக்குங்கள் என்று லிஃப்ட்மேன் எத்திராஜைக் கெஞ்சுவார்கள். வாசலில் இருக்கிற பஸ் ஸ்டாப்புக்குப் பன்னெண்டு மாடி என்றே பெயர் வந்துவிட்டது. சுற்றிலும் முப்பது மாடி எழும்பிய பிறகும் கண்டக்டர்கள் அதே பெயரைச் சொல்லித்தான் இறக்கிவிடுகிறார்கள். இதையெல்லாம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள், பிரிவு விழா மலருக்கு, கட்டடத்தின் வரலாறு, இரண்டு பக்கம். பசு வரைக்கும் எழுதினேன், பால்காரர் வரைக்கும் எழுதினேன். எண்பத்தெட்டு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிறகு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூச்சு வாங்குகிறது, சுவரில் சாய்ந்துகொள்கிறேன். எனக்கு உயரம் ஆகாது. ரஞ்சிதம்தான் இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டாள். பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல் என்று வளர்ந்தவள். பதினோராவது மாடிக்குக் கூட்டி வந்தபோது நேராகப் பால்கனிக்குப் போனாள், தூரத்தில் கோடு மாதிரி தெரிந்ததைக் காட்டி, "அது கடலா?" என்று கேட்டாள். புரோக்கர் ஆமாம் என்றார். "அப்ப இதுதான்" என்றாள், சமையலறையைக்கூடப் பார்க்கவில்லை. நான் பால்கனிக் கதவைத் தாண்டவில்லை, உள்ளே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்த புதிதில் அவளுக்கு ஒரே ஒரு கவலை, அமாவாசைக்கு வைக்கிற சோற்றுக்குக் காக்கா இவ்வளவு உயரம் வருமா என்று. தினமும் ஒரு பிடி வைத்துப் பார்த்தாள், இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. அன்றைக்கு ஆபீசுக்கு போன் பண்ணி, "வந்துடுச்சுங்க" என்றாள். எந்த வண்டி என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மறு வருஷம் ஆகஸ்டில் வனஜா பிறந்தாள், இந்தக் கட்டடத்தின் முதல் குழந்தை என்று கீழே நோட்டீஸ் பலகையில் நானே எழுதிப் போட்டேன். இதெல்லாம் ஏன் இப்போது வருகிறது. மூன்றாவது மாடி. இன்னும் முப்பத்தாறு படி. எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. திரும்பத் திரும்ப அங்கேதான் போய் இடிக்கிறது.

லிஃப்ட் ஒன்றுதான். இரண்டாவது லிஃப்டுக்கு விட்ட கிணறு கடைசி வரை வெறும் கிணறாகவே இருந்தது, கட்டியவர் பாதியில் கைகழுவிவிட்டார். இருக்கிற ஒன்றை நாற்பத்தெட்டு வீடும் நாள் முழுக்க ஏற்றி இறக்கின. எண்பத்தேழில் ஒரு முறை மோட்டார் கருகியது, எண்பத்தெட்டுக் கோடையில் மறுபடி. மொட்டை மாடி அறையில் மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தேன், ஜுரம் வந்த பிள்ளை நெற்றி மாதிரிக் கொதித்தது. "மனுஷனே மதியம் ஒரு கண்ணு அசர்றான், இது என்ன பாவம் பண்ணுச்சு சார்" என்றார் மெக்கானிக். நியாயம்தானே. மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை லிஃப்ட் இயங்காது. தகரப் பலகையில் என் கையாலேயே எழுதினேன், எழுத்து குண்டு குண்டாக நன்றாக வந்தது. எத்திராஜ் ஒன்றரைக்குக் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவான். முதல் வாரமே ஜனங்கள் ஆளுக்கொரு அவசரம் கொண்டுவந்தார்கள். மாமியார் வந்தால் அவசரம், தர்பூசணி வாங்கினால் அவசரம். அதனால் இரண்டாவது வரி சேர்த்தேன். அவசரத் தேவைக்குச் செயலாளரின் எழுத்து அனுமதி பெறவும். செயலாளர் அந்த நேரத்தில் சென்ட்ரல் பக்கத்தில் ஆபீசில் உட்கார்ந்திருப்பான் என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை. எட்டியது, அதுதான் உண்மை. அனுமதி கேட்கவே முடியாது என்றால் அவசரம் தன்னால் குறையும் என்று கணக்குப் போட்டேன், குறைந்தும் போயிற்று, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷம் சங்கக் கூட்டத்தில் பியூலா டீச்சர் எழுந்து, "செக்ரட்டரி வீட்டுக்கு விருந்தாளி வந்தா மட்டும் லிஃப்டுக்குத் தூக்கம் கலைஞ்சிடுது போல" என்றார். கேலியாகத்தான் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி குடும்பத்தை இரண்டு மணிக்கு எத்திராஜ் ஏற்றிவிட்டது உண்மை. எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, "இனிமே என் மனைவிக்கும் இதே சட்டம்தான். என் வீட்டு ஆளு ஒருத்தர் ஒரு தடவை மீறினாலும் அன்னிக்கே பதவியை விட்டு விலகிடறேன்" என்று சொன்னேன். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ரஞ்சிதமும் தட்டினாள். மேலே போகும்போது, "சபதமெல்லாம் பண்ணிட்டு வர்றீங்க, எனக்கும் எழுதித்தான் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். "உனக்குத்தான் முதல்ல" என்றேன். அதற்கும் சிரித்தாள். அதன்பிறகு ஐந்து வருஷம், கறிகாய்ப் பையோடு இரண்டு மணிக்கு வந்தால் மூன்றரை வரை கீழே பெஞ்சில் உட்கார்ந்து எத்திராஜின் பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு நாள்கூட எரிச்சலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அவள் ஒரு தடவை கத்தியிருந்தால் அந்தப் பலகையைக் கழற்றியிருப்பேனா என்று பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். கழற்றியிருக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

நாலாவது மாடி. முட்டி கழன்றுவிடும் போலிருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, நின்றபடியே மூச்சு விடுகிறேன். மேலே எங்கோ அட்டைப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்கிறது, டீச்சர்தான். இப்போதுகூட இறங்கிவிடலாம். அடுத்ததுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாதது. ரஞ்சிதம் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சங்கக் கூட்டம் போட்டார்கள். அந்த விதியை எடுத்துவிடலாம் என்று ஒன்பது-டி நாயர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். மொட்டைத் தலையோடு எழுந்து, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு, டாக்டரே சொல்லிட்டாரு, லிஃப்ட் ஓடிக்கிட்டு இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றேன். என் பெண்டாட்டியை என் பலகை கொல்லவில்லை என்று நாற்பது பேர் முன்னால் நிரூபித்துவிட்டு உட்கார்ந்தேன். விதி இருந்தது. புது மோட்டார் வருகிறவரை, தொண்ணூற்றேழு வரை, இன்னும் நாலு வருஷம் இருந்தது. பியூலா டீச்சர் அன்றைக்குக் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து போனார். வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேனா, இல்லை, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டதா. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. தெரியாமல் முப்பது வருஷம் ஒரு மனிதன் படியைத் தவிர்ப்பானா. பதினெட்டு.

டீச்சர் வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும், நரைத்த தலையில் ஈரம் காயாமல் பின்னியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்று கை காட்டினேன். "சார், நீங்க போய் ஏறி வந்திருக்கீங்களே" என்றார். லிஸ்டைக் காட்டினேன். "பையன் மதுரவாயல் தாண்டிட்டானாம், இப்ப வந்துருவான்" என்றார். சரி என்று தலையாட்டினேன். டிக் போட்டுவிட்டு மேலே போக வேண்டியதுதான். பேனாவை எடுத்தேன். அவர் வாசலுக்கு நேரே மேல்மாடியிலிருந்து இறங்குகிற படி. கீழிருந்து இரண்டாவதா, மூன்றாவதா என்று கண் தேடியது. டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது சார்" என்றார். நான் கேட்கவே இல்லை. பிறகு கேட்டேன். "டீச்சர், அன்னிக்கு ஒரு நிமிஷத்துல போயிடுச்சு இல்ல?" ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று, சாமி என்று ஒன்று இருந்தால் இந்த ஒரு தடவை என்று, உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"சார், இனிமே நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கப் போறதில்ல. கேட்டுட்டீங்க, பொய் சொல்ல மனசு வரல" என்றார். அன்றைக்குத் தொண்டை கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாராம். இரண்டே கால் இருக்கும், படியில் யாரோ முனகுவது கேட்டுக் கதவைத் திறந்தாராம். "அக்கா இந்தப் படில உக்காந்திருந்தாங்க. முகமெல்லாம் வேர்வை. நெஞ்சை அடைக்குது டீச்சர், வாயுதான்னு நெனைக்கிறேன், கீழ கிளினிக் வரைக்கும் போகலாம்னு இறங்கினேன், கால் வரமாட்டேங்குதுன்னாங்க. நானும் வாயுன்னுதான் நெனைச்சேன். ஓமத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். எத்திராஜை எழுப்பிட்டு வர்றேன்னேன். வேணாம்னுட்டாங்க. சாருக்கு போன் பண்றேன்னேன். அதுக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவருகிட்ட சொன்னா உடனே அனுமதின்னு சொல்லிருவாரு டீச்சர், அப்புறம் சொன்ன வார்த்தைக்காகப் பதவியை விட்டுட்டு வந்து நிப்பாரு, அந்தச் சங்கத்தை விட்டா அவருக்கு வேற என்ன இருக்குன்னு சிரிச்சாங்க சார். வலியோட சிரிச்சாங்க." டீச்சர் அந்தப் படியைப் பார்த்தார். "வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. மூணு பத்துக்கு, இன்னும் இருபது நிமிஷம்தானேன்னாங்க. என் கையை விடல. மூணு இருபதுக்கு மேலதான் சாஞ்சாங்க. அப்புறம்தான் நான் அலறிக்கிட்டு ஓடினேன். முதல்லயே ஓடியிருக்கணும். அந்தக் கூட்டத்துல நான்தானே உங்களைக் குத்திக் காட்டினேன், நானே போய் எப்படித் திறக்கச் சொல்றதுன்னு ஒரு வீம்பு எனக்கும் இருந்துச்சு சார். அதை என்னால விழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

இரண்டே காலிலிருந்து மூன்று இருபது. அறுபத்தைந்து நிமிஷம். என் வேலையே கழிப்பதும் கூட்டுவதும்தான், மனசு தானாகவே போட்டுவிட்டது. அறுபத்தைந்து நிமிஷத்தில் எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுக்கே போய்விடலாம். கிளினிக் எதிர்ச்சாரியில் இருந்தது, ரோட்டைத் தாண்டினால் போதும். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏதோ ஒரு பாசஞ்சர் வண்டி எப்போதும் ஆறு நிமிஷம் தாமதமாக வருவதைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வாட்ச், கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது, இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடும், சரி செய்யச்சொல்லிச் சொல்லிக்கொண்டே இருப்பேன். இருபது நிமிஷம்தானே என்றாளாம், அவள் கணக்கில் இருபது, நிஜத்தில் பதினெட்டு. பதினெட்டு நிமிஷம்தான் இருந்தது ரஞ்சிதம். இல்லை, பதினெட்டு என்ன, இருபது என்ன, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, அடி பைத்தியக்காரி, என் பதவியா பெரிசு, மாதம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் கூப்பிடுகிற பதவி. எனக்காக உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன ஒரு வாய்ச்சவடாலை எனக்குப் பதிலாக அவள் காப்பாற்றினாள். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அதே வாயால் நான் அந்த விதியைக் காப்பாற்றினேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன், படி குளிர்ச்சியாக இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

கீழேயிருந்து வேகமாகப் படி ஏறுகிற காலடி கேட்டது. வனஜா. நாற்பத்தேழு வயதாகிறது, மூச்சிரைக்க ஓடி வந்து, திருப்பத்தில் என்னைப் பார்த்ததும் நின்றாள். என் முட்டியைப் பற்றி ஏதோ திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, டீச்சரைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்" என்றாள்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டு இவள் வந்தபோதுதான் லிஃப்டில் ரஞ்சிதத்தை இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியில் டீச்சரோடு இவளும் போனாள். டீச்சர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டியிருப்பார், வேறு யாரிடம் கொட்டுவார். டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அந்த வராந்தாவில் நான் வருவதற்குள், அந்த அரை மணி நேரத்தில், இவளாக யோசித்து உண்டாக்கின வாக்கியம் அது. அதற்குப் பிறகு இவள் கல்யாணம் ஆகிப் போகிறவரை எட்டு வருஷம் ஒரே மேஜையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு ரசம் ஊற்றினாள். மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை அந்தப் பலகைக்குக் கீழே காத்திருந்தாள். பெண் கொஞ்சம் அழுத்தக்காரி, அம்மா மாதிரி கலகலப்பு இல்லை என்று நான் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்குக் கீழே ஒரு படி விட்டு உட்கார்ந்தாள். மருந்துக் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தாங்காதுன்னு தோணுச்சுப்பா. அதான் சொன்னேன்" என்றாள். பையின் வாயை மடித்துவிட்டு, "ஆனா அதைப் போய் மீட்டிங்ல சொல்லுவீங்கன்னு நெனைக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாய் எடுத்தேன், அந்த வார்த்தை இதற்குப் போதாது என்று தெரிந்து பாதியில் விட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பதினேழு வயசுப் பொண்ணு, இத்தனையும் நீ" என்று ஆரம்பித்தேன்.

"பதினாறுப்பா" என்றாள். "ஆகஸ்ட்லதான் பதினேழு."

ஆகஸ்ட். பதினாறாம் நாள் காரியம் ஆகஸ்ட் ஏழு, கூட்டம் எட்டு. இவள் பிறந்த நாள் ஒன்பது. அன்றைக்கு இவள் என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரம்பூரிலிருந்து யாராவது வந்தார்களா, கோயிலுக்காவது போனாளா, பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாளா. ஒன்றும் வரவில்லை. அன்று திங்கட்கிழமை, நான் ஆபீசுக்குப் போயிருப்பேன்.